ராதிகா: கேட்கத் தெரிந்த முகம்

நடிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்ம வகுப்பில் வந்து விழும் பெயர்கள் பெரும்பாலும் ஆண் பெயர்கள்தான். சிவாஜி, கமல், இப்போ ஃபகத் பாசில். நடிகைகள் பக்கம் பேச்சு திரும்பினால் அது அழகைப் பற்றியதாகவோ, "அந்தப் பாட்டுல வருவாங்களே, அவங்களா?" என்பதாகவோ முடிந்துவிடும். சீரியல் நடிகை என்றால் கேட்கவே வேண்டாம். கிளிசரின் கண்ணீர், இடிச் சத்தம், மூன்று முறை திரும்பும் தலை என்று ஒரு மீம் போட்டுச் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

அதனாலேயே இந்த மாதத் திரைப்பாடத்துக்கு ராதிகாவை எடுத்துக்கொள்வோம். 1978-இல் தொடங்கிய பயணம். ஆடு மாடு மேயும் கிராமத்துப் பெண், விதவை, டீச்சர், பாசக்காரத் தங்கை, சித்தி, வக்கீல், போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று எத்தனையோ வேடங்கள். பெரிய திரை, சின்னத் திரை இரண்டிலும் முதல் வரிசை. நல்ல நடிகை என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் "எதனால நல்ல நடிகை?" என்று ஒருத்தர் கேட்டால் "நல்லா அழுவாங்க" என்பதைத் தாண்டி நம்மால் எதுவும் சொல்ல முடிகிறதா? அதைச் சொல்லிப் பார்ப்பதுதான் இந்தப் பாடம்.

என் பதில் சின்னது: ராதிகாவின் பெரிய பலம் அவர் பேசும்போது இல்லை, அடுத்தவர் பேசுவதைக் கேட்கும்போதுதான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு படம் படமாகப் போவோம்.

அப்பாவின் குரல், மகளின் முகம்

ராதிகா, எம்.ஆர்.ராதாவின் மகள். 'ரத்தக்கண்ணீர்' (1954) பார்த்தவர்களுக்கு அந்தக் குரலை மறக்க முடியாது. ஒரே வசனத்துக்குள் கிண்டலும் கோபமும் கெஞ்சலும் மாறி மாறி வரும். அது நாடக மேடை கொடுத்த சொத்து. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேரணும். நாடகத்துக்குச் சிறுவர்களைப் பயிற்றுவித்த அந்தப் பழைய மரபின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தது நம்ம புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.

மகளுக்குக் கிடைத்தது மேடை இல்லை, கேமரா. கேமராவுக்குக் கடைசி வரிசை கிடையாது. முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றுவிடும். அங்கே மேடையில் செய்வதைச் செய்தால் அதிகமாகத் தெரியும். அப்பாவிடமிருந்து முற்றிலும் வேறான ஒரு வேலையை ராதிகா கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் பாடம்: ரயில் போகும் வரைக்கும்

பாரதிராஜாவின் முதல் படம் '16 வயதினிலே' (1977). அடுத்தது 'கிழக்கே போகும் ரயில்' (1978). அதில் பாஞ்சாலி என்ற பெண்ணாக ராதிகா அறிமுகமானார். ஜோடி சுதாகர். நடிப்புப் பயிற்சியோ மேடை அனுபவமோ இல்லாமல் வந்த பதின்ம வயதுப் பெண்.

கதையில் ஊரைவிட்டுப் போன பரஞ்ஜோதி, பாஞ்சாலிக்குச் செய்தி அனுப்ப ஒரு வழி கண்டுபிடிக்கிறான். கிழக்கே போகும் ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதிவிடுவான். அவள் தண்டவாளத்துப் பக்கம் வந்து காத்திருப்பாள். இந்த யோசனை நடிப்புக்கு எவ்வளவு நல்ல பாடம் என்று பாருங்கள். செய்தி கடைசிப் பெட்டியில் இருக்கிறது. அப்போ எஞ்சினிலிருந்து ஒவ்வொரு பெட்டியும் கடந்து போகும் வரைக்கும் அந்தப் பெண் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எதிர்பார்க்கணும். வசனம் கிடையாது. ஓடும் ரயிலுக்கு முன்னால் ஒரு முகம், அவ்வளவுதான்.

புதுமுகத்திடம் வசனத்தைக் கொடுத்துத் திணறவிடாமல், காத்திருக்கச் சொன்னது இயக்குநரின் கெட்டிக்காரத்தனம். அதைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம்.

இடையில் ஒரு லேப்: கூலஷோவ் சோதனை

சினிமா படிப்பவர்கள் எல்லோரும் கேள்விப்படும் பெயர் லெவ் கூலஷோவ். ரஷ்யாவில் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்துக்கொண்டார். அதோடு ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினார், பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் பசி தெரிந்தது. சவப்பெட்டியை ஒட்டினார், துக்கம் தெரிந்தது. ஒரு பெண்ணை ஒட்டினார், ஆசை தெரிந்தது. மூன்றிலும் முகம் ஒன்றுதான்.

அதாவது, பார்க்கிறவன்தான் பாதி நடிப்பை முடித்துக்கொடுக்கிறான். அப்படியானால் நடிகருக்கு என்ன வேலை? பார்க்கிறவனுக்கு இடம் விடுவதுதான். முகத்தில் எல்லாவற்றையும் எழுதி நிரப்பிவிட்டால் நமக்கு வேலை இல்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் அது வெறும் போட்டோ. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவு ராதிகாவுக்குத் தெரியும்.

'இன்று போய் நாளை வா' (1981) பாருங்கள். ஒரு பெண்ணைக் கவர மூன்று இளைஞர்கள் அடிக்கும் கூத்துதான் படம். பாக்யராஜும் கூட்டமும் சுற்றிச் சுற்றிக் கலாட்டா செய்யும்போது நடுவில் ராதிகாவும் சேர்ந்து கோமாளித்தனம் செய்திருந்தால் படமே கெட்டிருக்கும். அவர் சாதாரணமாக இருப்பதால்தான் மற்றவர்கள் செய்வது சிரிப்பாகிறது. சர்க்யூட்டில் கிரவுண்ட் இருந்தால்தானே வோல்டேஜை அளக்க முடியும்? அந்த மாதிரி.

இரண்டாம் பாடம்: பக்கத்தில் நிற்பவர்

கே.விஸ்வநாத் இயக்கிய 'ஸ்வாதி முத்யம்' (1986) தெலுங்குப் படம். தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என்று டப் ஆகி வந்தது. அந்த வருஷம் ஆஸ்கர் விருதுக்கு இந்தியா அனுப்பிய படம் இதுதான். குழந்தை மனசு மாறாத சிவய்யாவாகக் கமல். சின்ன மகனோடு உறவினர் வீட்டில் அண்டிப் பிழைக்கும் இளம் விதவை லலிதாவாக ராதிகா. ராம நவமி அன்று கோயிலில் எல்லோரும் பார்க்க, விளைவு எதுவும் தெரியாத சிவய்யா லலிதா கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான்.

கமல் செய்வது கண்ணுக்குத் தெரியும் நடிப்பு. நடை வேறு, பேச்சு வேறு, பார்வை வேறு. நாம் கை தட்டுவது அதற்குத்தான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். சிவய்யாவை நாம் எப்படிப் பார்க்கிறோம்? லலிதாவின் கண் வழியாகத்தான். முதலில் அதிர்ச்சி, அப்புறம் பயம், அப்புறம் இவன்கிட்ட கோபப்பட்டு என்ன ஆகப்போகுது என்ற அலுப்பு, அப்புறம் பொறுப்பு, கடைசியில் அன்பு. இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்திருந்தாலும் அந்தக் கல்யாணத்தை நம்மால் ஏற்றுக்கொள்ள முடியாமல் போயிருக்கும். ஒரு பெண்ணின் சம்மதம் இல்லாமல் கட்டிய தாலி அது. இன்றைக்குப் பார்த்தால் அந்தக் காட்சி நெருடத்தான் செய்யும், நெருடணும். அந்த நெருடலை மறைக்காமல் முகத்தில் வைத்துக்கொண்டே அடுத்த காட்சிக்குப் போகிறார் என்பதுதான் ராதிகாவின் நேர்மை.

நாலு வருஷம் கழித்து 'கேளடி கண்மணி' (1990). வசந்தின் முதல் படம். மனைவியை இழந்து மகளோடு வாழும் ரங்கராஜாக எஸ்.பி.பாலசுப்ரமணியம். சாரதா டீச்சராக ராதிகா. சாரதாவின் பெற்றோர் காது கேளாத, வாய் பேசாத தம்பதி. வீட்டில் சத்தமே இல்லாமல் வளர்ந்த பெண் எப்படி இருப்பாள்? எதிரில் இருப்பவர் முகத்தைக் கூர்ந்து கவனிக்கப் பழகியிருப்பாள். ராதிகா சாரதாவை அப்படித்தான் செய்திருக்கிறார்.

அந்தப் படத்தில் எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடும் கடற்கரைப் பாட்டு நம்ம எல்லோருக்கும் தெரியும். கல்லூரி விழாவில் வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் முயற்சி செய்து பாதியில் மூச்சு வாங்குவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது பாடுகிறவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நடந்து வருகிறவரைப் பாருங்கள். ராதிகாவுக்கு அதில் ஒரு வரி கூடக் கிடையாது. கேட்டுக்கொண்டு வருவது மட்டும்தான் வேலை. பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது என்பது நமக்கு அந்த முகத்திலிருந்துதான் தெரிகிறது.

கதையில் ரங்கராஜின் சின்ன மகள் இந்தக் கல்யாணத்தை ஏற்க மறுக்கிறாள். சித்தி வேண்டாம் என்பதுதான் அந்தக் குழந்தையின் பிடிவாதம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் பாடம்: இரண்டு வீட்டுக்கு நடுவில்

'கிழக்குச் சீமையிலே' (1993). மறுபடி பாரதிராஜா. அண்ணன் மாயாண்டியாக விஜயகுமார், தங்கை விருமாயியாக ராதிகா, கணவன் சிவனாண்டியாக நெப்போலியன். அண்ணனுக்கும் கணவனுக்கும் பகை மூளுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவள் விருமாயி.

அண்ணன் தங்கை பாசம் என்றால் தமிழ் சினிமாவில் 'பாசமலர்' காலத்திலிருந்தே கண்ணீர் ஆறாக ஓடும். இதிலும் ஓடுகிறது. ஆனால் விருமாயி வெறுமனே அழுகிற தங்கை இல்லை. கணவன் வீட்டில் அண்ணனைப் பற்றித் தப்பாகப் பேசும்போது அவளால் எதிர்த்துப் பேச முடியாது. அண்ணன் வீட்டில் கணவனை விட்டுக்கொடுக்கவும் முடியாது. இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியவள். அந்த மௌனம் சேர்ந்து சேர்ந்து கடைசியில் வெடிக்கும்போது, வெடிப்பின் அளவு நமக்குச் சரியாகப் படுகிறது. முதல் காட்சியிலேயே கத்தியிருந்தால் கடைசியில் கத்துவதற்கு எதுவும் மிச்சம் இருந்திருக்காது.

இன்னொன்று, உடம்பு. இளம் பெண்ணாக ஆரம்பித்து, வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாயாக முடிகிற பாத்திரம். தலைக்கு வெள்ளை அடித்தால் வயசு வந்துவிடாது. நடை, உட்காரும் விதம், திரும்பிப் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் மாறணும். அதைக் கவனித்துப் பாருங்கள்.

நான்காம் பாடம்: தினமும் இருபது நிமிஷம்

கதாநாயகிகளுக்குத் தமிழ் சினிமா வைத்திருக்கும் கணக்கு நமக்குத் தெரியும். நேற்று ஜோடியாக நடித்த ஹீரோ இன்றும் ஹீரோ. ஜோடியாக நடித்தவர் மட்டும் அக்கா, அண்ணி, அம்மா. முப்பத்தைந்து வயசுக்கு மேல் ஒரு பெண்ணை மையமாக வைத்துக் கதை எழுத ஆள் இல்லை. ராதிகா என்ன செய்தார்? கதை வரும் என்று காத்திருக்காமல் தயாரிப்பில் இறங்கினார். அது அவருக்குப் புதுசும் இல்லை. பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை' (1985) ராதிகா தயாரித்த படம்தான். புது இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருதை அது வாங்கியது. அடுத்து ராடான் நிறுவனம் வழியாகச் சின்னத் திரை.

'சித்தி' 1999 டிசம்பரில் சன் டிவியில் தொடங்கி 2001 நவம்பர் வரை ஓடியது. இயக்கம் சி.ஜே.பாஸ்கர். கணவராக சிவகுமார். பாத்திரத்தின் பெயர் மறுபடியும் சாரதா! மனைவியை இழந்தவரைக் கட்டிக்கொண்டு அவர் மகளுக்குச் சித்தியாக வரும் பெண். 'கேளடி கண்மணி'யில் ஒரு குழந்தை உள்ளே விடமாட்டேன் என்று கதவைச் சாத்திய அதே உறவு, இங்கே கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டது. நம்ம கதைகளில் மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி. அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, அவளை நல்லவளாக்கி, தினமும் ராத்திரி வீட்டுக்குள் அனுப்பினார்கள். சித்தி என்ற சொல்லுக்கே வேறு நிறம் வந்தது.

இப்போ நம்ம துறைக்கு வருவோம். 'சித்தி' 467 பகுதிகள். விளம்பரம் போக ஒரு பகுதிக்கு 20 நிமிஷம் என்று வைத்தால் 9,340 நிமிஷம். இரண்டரை மணி நேரப் படமாகக் கணக்குப் போட்டால் 62 படம்! அப்புறம் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று வரிசை. 2013 முதல் 2018 வரை ஓடிய 'வாணி ராணி' மட்டும் 1,700 பகுதிக்கு மேல். அதே கணக்கில் 220 படத்துக்கு மேல் வரும். அதிலும் இரட்டை வேடம். வாணி வக்கீல், ராணி குடும்பத்தலைவி.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஃபேட்டிக் படித்திருப்போம். ஒரு கம்பியை ஒரே இழுப்பில் முறிக்கப் பெரிய விசை வேணும். அதையே இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் சின்ன விசையிலேயே முறிந்துவிடும். சினிமா நடிப்பு ஒரே இழுப்பு. சீரியல் நடிப்பு மடக்கி மடக்கி நிமிர்த்துவது. தினமும் அதே வீடு, அதே சோபா, அதே சண்டை. நாளைக்கு என்ன காட்சி என்று இன்றைக்குத் தெரியாது. இதில் முறியாமல் இருக்க ஒரே வழி, தினமும் எதிரில் இருப்பவர் சொல்வதை உண்மையாகவே கேட்பது. கேட்டால் முகம் தானாக மாறும். கேட்காவிட்டால் நேற்று வைத்த அதே முகத்தைத்தான் இன்றும் வைக்கணும். இரட்டை வேடத்தில் இது இன்னும் கஷ்டம். எதிரில் ஆளே இல்லாமல் தன் பேச்சைத் தானே கேட்டு மறுமொழி சொல்லணும்.

நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி வரும். "சீரியல் எல்லாம் இழுவை, மாமியார் மருமகள் சண்டை, பொறுத்துப்போகிறவள்தான் நல்லவள்னு சொல்லிக்கொடுக்குது. அதுக்குப் போய் இவ்வளவு பாராட்டா?" குற்றச்சாட்டு சரிதான். ஒரு முகத்தைக் காட்டி, இடி இடித்து, மறுபடி அதே முகத்தைக் காட்டுவது கூலஷோவ் சொன்னதைக் கெடுத்து வைத்த வித்தை. பகுதிகளை நீட்டவும் விளம்பரத்துக்கு இடம் விடவும் அது தேவைப்பட்டது. ராதிகாவின் தொடர்களும் அதற்கு விலக்கு இல்லை. ஆனால் பார்த்தது யார் என்பதையும் சேர்த்து யோசிக்கணும். பகல் முழுக்க வீட்டிலும் வேலையிலும் அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்த பெண்கள், ராத்திரி சமையல்கட்டு வேலை முடிந்து உட்காரும்போது, கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணைத் திரையில் பார்த்தார்கள். அந்தப் பெண் கடைசியில் திருப்பிப் பேசுவாள் என்று தெரியும். அதற்காகத்தான் அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ரசனையை முட்டாள்தனம் என்று ஒரு மீமில் தள்ளிவிட நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

நம்ம ஊர் மீனாகுமாரி

'நானும் ரவுடிதான்' (2015) நம்ம புதுச்சேரியில் நடக்கும் கதை. விஜய் சேதுபதி பாண்டி. மகன் போலீஸ் ஆகணும் என்று துடிக்கும் அம்மா, இன்ஸ்பெக்டர் மீனாகுமாரியாக ராதிகா. மகனுக்கோ ரவுடி என்று பெயர் எடுக்க ஆசை. சிவப்புத் தொப்பி கான்ஸ்டபிள்களைத் தினமும் சிக்னலில் பார்க்கிற நமக்கு இந்த வீட்டுச் சண்டை ரொம்பப் பக்கம்.

படம் வந்தபோது நாம் பேசியது விஜய் சேதுபதி, நயன்தாரா, அனிருத், பார்த்திபன் பற்றி. மீனாகுமாரியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பதினைந்து வருஷமாகச் சின்னத் திரையில் கண்ணீரைச் சுமந்தவர், இங்கே ஒரு சொட்டுக்கூட இல்லாமல் வந்து நிற்கிறார். பையன் அளந்துவிடும் பொய்யை ஒரு போலீஸ்காரியாகவும் கேட்கிறார், ஒரு அம்மாவாகவும் கேட்கிறார். போலீஸ்காரிக்கு அது பொய் என்று தெரியும், அம்மாவுக்கு நம்பணும் என்று ஆசை. இரண்டும் ஒரே முகத்தில் வரும்போது சிரிப்பு வருகிறது.

அதற்கு அடுத்த வருஷம் 'தர்மதுரை'யில் கிராமத்து அம்மா பாண்டியம்மா. 2022-இல் 'வெந்து தணிந்தது காடு' படத்தில் மகனை மும்பைக்கு அனுப்பிவைக்கும் ஏழைத் தாய். மூன்றும் "ஹீரோவின் அம்மா" என்ற ஒரே வேடம்தான், காகிதத்தில் பார்த்தால். திரையில் மூன்று வேறு பெண்கள்.

செய்து பார்க்க

1. 'கேளடி கண்மணி'யின் கடற்கரைப் பாட்டைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ராதிகாவின் முகத்தை வைத்தே பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

2. 'கிழக்கே போகும் ரயில்', 'கிழக்குச் சீமையிலே' இரண்டும் ஒரே இயக்குநர், ஒரே நடிகை, இடையில் 15 வருஷம். காத்திருக்கும் காட்சிகளை மட்டும் எடுத்து, என்ன கூடியிருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது என்று எழுதுங்கள்.

3. 'வாணி ராணி'யில் இருவரும் ஒரே ஃப்ரேமில் வரும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். புடவையை மறந்துவிட்டு, கேட்கும் விதத்தை வைத்து மட்டும் யார் வாணி, யார் ராணி என்று சொல்ல முடிகிறதா?

4. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் அம்மா, அத்தை, பாட்டி யாரையாவது உட்காரவைத்து 'சித்தி' பற்றிக் கேளுங்கள். எந்தக் காட்சி ஞாபகம் இருக்கிறது, அதைப் பார்த்த நாட்களில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். நடுவில் குறுக்கே பேசாதீர்கள், போனையும் எடுக்காதீர்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சு வழக்கிலேயே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் போடுவோம்.